ஈட்டி விழும் இடம்

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்றே காலுக்கு முதல் பேருந்து மைதானத்துக்குள் நுழைந்தது.

அருணாதேவி அப்போது ஓட்டத்தில் ஜெயித்தவர்களுக்குப் பதக்கம் மாட்டிக்கொண்டிருந்தாள். மாவட்டத் தடகளச் சங்கத்தின் செயலாளர் அவள். இங்கே தேறுகிறவர்களைத்தான் சங்கம் மாநிலப் போட்டிக்கு அனுப்பும். ஓட்டம், தாண்டுதல் எல்லாம் முடிந்துவிட்டன. மீதி இருந்தது பெண்கள் ஈட்டி எறிதல் மட்டும். ஈட்டி பறக்கையில் மைதானத்தில் குறுக்கே யாரும் போகக் கூடாது. அதனால் அது எப்போதும் கடைசியில்தான்.

பேருந்து சுண்ணாம்புக் கோடுகளை மிதித்துக்கொண்டு வந்து நின்றது. வாசலில் இன்னும் மூன்று நின்றன. பேருந்து நிலைய டைம் கீப்பர் பரசுராமன் கையில் விசிலோடு இறங்கினார்.

"இன்னாம்மா, இன்னும் காலி பண்ணலையா? இது இப்போ டெம்பரவரி பஸ் ஸ்டாண்டு."

"பௌர்ணமி நாளைக்குத்தானே சார்?"

"திதி இன்னிக்கு மத்தியானமே பொறக்குதும்மா. ஞாயித்துக்கிழமை வேற. ஜனம் இப்பவே மலை சுத்தி நடக்க ஆரம்பிச்சிடுச்சி."

இந்த ஊரில் கல்யாணமோ பரீட்சையோ வீடு மாறுவதோ, எதற்கு நாள் பார்த்தாலும் முதலில் பௌர்ணமியைத் தள்ளிவைப்பார்கள். அருணாதேவியும் தள்ளித்தான் வைத்தாள். காலண்டரில் திங்கள்கிழமைத் தாளில் முழு நிலா போட்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்தாள். ஞாயிற்றுக்கிழமைத் தாளின் அடியில் பொடி எழுத்தில் இருந்த திதி நேரத்தைப் படிக்கவில்லை.

எறிதல் நடுவர் குமரேசன் கொடிகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். அரசுப் பள்ளி உடற்கல்வி ஆசிரியர். சங்கத்தில் அவளுக்கு மூத்தவர்.

"வெளியூர்க்காரங்க பண்ணா பரவால்ல. மாட வீதியில பொறந்துட்டு உனக்கு பௌர்ணமி பார்க்கத் தெரியலையே."

"அப்புறமா திட்டுங்க சார். இப்போ ஒரு வழி சொல்லுங்க."

"வழி இன்னா வழி? ஊர்ல எந்த கிரவுண்டுக்குப் போனாலும் இன்னிக்கு பஸ்தான். பேர் அனுப்ப சாயங்காலம் கடைசி. அஞ்சு பொண்ணுங்க இருக்காங்க, ஆளுக்கு ஆறு எறி. ஒண்ணு கம்மி பண்ணாலும் எவனாவது பெட்டிஷன் போட்டுடுவான்."

வேப்பமரத்து நிழலில் ஐந்து பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். நான்கு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். ஹஃப்சா மட்டும் பேருந்துகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கீழ்பென்னாத்தூர்ப் பெண். போன வருஷம் மாவட்டத்தில் முதலாவதாக வந்தும், மாநிலச் சங்கம் வைத்த தகுதி தூரத்துக்கு ஒரு சாண் குறைந்து நின்றுபோனாள். பதினெட்டு வயதுக்கு உட்பட்டோர் பிரிவில் இதுதான் அவளுக்குக் கடைசி வருஷம். சங்கத்திடம் நல்ல ஈட்டி ஒன்றுதான் இருந்தது. அதை அருணாதேவி அவள் வீட்டுக்கே கொடுத்தனுப்பினாள். கமிட்டியில் முணுமுணுத்தார்கள். மல்லாட்டைக் கடலை பிடுங்கிய நிலத்தில் ஹஃப்சா வருஷம் முழுக்க அதை எறிந்தாள். இப்போது எறிய இடமில்லை. அதற்குக் காரணம் காலண்டரைப் பாதி படித்தவள்.

ஹஃப்சாவின் அப்பா ஜானி பாஷா எழுந்து வந்தார். கீழ்பென்னாத்தூர் ரோட்டில் டயர் கடை வைத்திருக்கிறார்.

"பாய், என் தப்புதான்," என்றாள் அருணாதேவி.

"அது கெடக்கட்டும் மேடம். உங்களுக்கு எந்தப் பக்கம் காலியா வேணும்?"

அவள் செருப்பு நுனியால் மண்ணில் கோடு கிழித்தாள். எறிகிற இடம் இது. ஈட்டி விழும் இடம் முன்னால் விசிறி மாதிரி விரிகிறது. பின்பக்கம் மதில் வரைக்கும் வேண்டாம்.

ஜானி பாஷா பேருந்துகளைப் பார்த்தார். "அந்த செஞ்சி வண்டி டிரைவர் நம்ம கடைக்கு வர்றவர்தான். இருங்க." வாசலுக்கு நடந்தார். அங்கே என்ன பேசினாரோ, சிரிப்புச் சத்தம் கேட்டது. திரும்பி வரும்போது கூடவே டிரைவர்கள் வந்தார்கள், பரசுராமனும் வந்தார்.

"மதில் ஓரமா பின்னாடியே நிறுத்துறேன்," என்றார் பரசுராமன். "அந்த வரிசை ரொம்புற வரைக்கும் உன் டைம். ரொம்பிட்டா முன்னாடிதான் விடுவேன். அதுக்கு மேல என்னைக் கேக்காத."

"எறங்குற ஜனம் குறுக்கால போகுமே சார்."

"கண்டக்டருங்க எதுக்கு இருக்காங்க?"

சுண்ணாம்புக் கோட்டை ஒட்டிக் கண்டக்டர்கள் வரிசையாக நின்றார்கள். இறங்கிய ஜனங்கள் அவர்களுக்குப் பின்னால் தேங்கினார்கள். பையைத் தலையில் வைத்திருந்த ஒரு அம்மாள், "இன்னாப்பா நடக்குது?" என்றாள்.

"ஈட்டி எறியறாங்கம்மா. குத்திடும். நில்லு."

"யார் மேல எறியறாங்க?"

"யார் மேலயும் இல்ல. சும்மா எறியறாங்க."

"சும்மாவா?" அந்த அம்மாள் பையை இறக்கி வைத்துவிட்டு வேடிக்கை பார்க்க ஆரம்பித்தாள்.

முதல் சுற்றில் ஹஃப்சாவின் ஈட்டி தகுதி தூரத்தில் நட்டிருந்த சிறு கொடிக்கு முன்னாலேயே விழுந்தது. இரண்டாவதில் அவள் ஓடி வந்தபோது ஒரு பெரியவர் கோட்டைத் தாண்டப் பார்த்தார். கண்டக்டர் விசில் ஊதினார். பெண் திடுக்கிட்டுத் தடுமாறி எறிகோட்டை மிதித்துவிட்டாள். குமரேசன் சிவப்புக் கொடியைத் தூக்கினார்.

"சார், விசில் சத்தத்தால ஆச்சி," என்றாள் அருணாதேவி.

"நான் கோட்டைத்தாம்மா பார்ப்பேன். மறு எறி குடுக்கிற அதிகாரம் ரெஃபரிக்கு இருக்கு. ரெஃபரி நீதான். குடுக்குறதுன்னா குடு."

கொடுத்தாள். பிறகு கண்டக்டர்களிடம் போய் விசிலையெல்லாம் பையில் போடச் சொன்னாள். "விசில் இல்லாம எங்களுக்கு வாயே வராது மேடம்," என்றார் ஒருவர். ஆனாலும் போட்டுக்கொண்டார்.

அந்த எறியும் குறைந்தது. மூன்றாவதும் குறைந்தது. பின்னால் விழுப்புரம் வண்டி வந்தது, வேலூர் வண்டி வந்தது. நான்காவது சுற்று முடிந்தபோது மதில் ஓரம் இன்னும் ஒரே ஒரு வண்டிக்குத்தான் இடம் இருந்தது. அருணாதேவி ஹஃப்சாவிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று கிட்டப் போனாள்.

"தண்ணி குடிச்சியா?"

"குடிச்சிட்டேன் மேடம்."

ஜானி பாஷா தள்ளி நின்றபடி சொன்னார். "பேட்டா, நம்ம கொல்லையில இவ்ளோ பேர் வேடிக்கை பார்த்தாங்களா? நீ அதை மட்டும் நெனச்சிக்க. எனக்கு கடைக்குப் போவணும்."

"போங்கப்பா," என்றாள் ஹஃப்சா. சிரித்துவிட்டாள்.

ஐந்தாவது எறி கையை விட்டபோதே குமரேசன் இரண்டடி முன்னால் போனார். ஈட்டி தாழ்வாகத்தான் பறந்தது. இறங்கும் இறங்கும் என்று பார்த்தால் இறங்கவில்லை. கொடியைத் தாண்டிப் போய்க் குத்திக்கொண்டு நின்றது. வெள்ளைக் கொடி ஏறியது.

ஜனத்தில் யாரோ பழக்கத்தில், "அரோகரா," என்றார். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஜானி பாஷா தொப்பியைச் சரிசெய்துகொண்டு சிரித்தார்.

நாடாவைப் பிடித்து அளந்தார்கள். குமரேசன் ஒரு தடவை படித்தார். மறுபடி குனிந்து படித்தார். "ஒரு மீட்டருக்கு மேலயே ஜாஸ்தி," என்றார்.

அருணாதேவி அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். காலையிலிருந்து சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வயிறு இரைந்தது. அந்தச் சத்தம்கூட நன்றாக இருந்தது. செஞ்சி டிரைவர் எங்கிருந்தோ டீ கொண்டுவந்து நீட்டினார். சர்க்கரை அதிகம். ஒரே மூச்சில் குடித்தாள்.

மதில் ஓரத்தில் கடைசி வண்டியும் நின்றது. வாசலில் அடுத்தது ஹாரன் அடித்தது.

"இன்னும் ஒரு சுற்று இருக்கே," என்றாள் அவள்.

"நாங்க விட்டுடுறோம் மேடம்," என்றார்கள் மற்ற நான்கு பெண்களும். ஏற்கெனவே பையை மாட்டிக்கொண்டிருந்தார்கள். குமரேசன் தலையாட்டினார். "அவங்களே வேணாம்னா சரிதான். ரூல்ல இருக்கு."

பரசுராமன் வாசல் வண்டியை முன்பக்கம் விடக் கையைத் தூக்கினார். அருணாதேவி பெயர்களை அனுப்பப் போனை எடுத்தாள்.

ஹஃப்சா ஈட்டியைப் பிடுங்கிக்கொண்டு வந்தாள். முனையில் ஒட்டியிருந்த மண்ணைத் துப்பட்டா நுனியால் துடைத்தாள். பேருந்தைப் பார்த்தாள், பிறகு அருணாதேவியைப் பார்த்தாள்.

"மேடம், நான் வேணாம்னு சொல்லலையே?"