கவுசருக்கு ஒரு நாற்காலி

பின்பனிக் காலம் திருத்தணிக்கு ஆரவாரமின்றி வந்து சேரும். மார்கழியின் மூடுபனி போல அது மலையை மறைப்பதில்லை. ஆடியின் காவடிக் கூட்டம் போலத் தெருக்களை நிறைப்பதுமில்லை. விடியலில் சரவணப் பொய்கையின் படிகளில் மெல்லிய ஈரமாய்ப் படிந்திருந்து, கதிரவன் குன்றின் தோளைத் தாண்டியதும் சொல்லிக்கொள்ளாமல் விலகிப்போகும். வேம்பு பழுத்த இலைகளை உதிர்த்துவிட்டுத் தளிருக்காகக் காத்து நிற்கும். திருவாலங்காட்டுக் கரும்பெல்லாம் வெட்டுண்டு வண்டியேறிப் போய்விட, வெறுமையான வயல்களின் மேல் காற்று தடையின்றி உலவும். பகல் காயும், இரவு குளிரும். இரண்டுக்கும் நடுவே அந்தி வந்து நிற்கும்போது மனம் காரணமின்றி யாரையோ தேடும். மலைநிலத்துக்குக் கூடலையும் பின்பனிக்குப் பிரிவையும் உரிமையாக்கி வைத்தனர் நம் முன்னோர். வள்ளியை மணந்த வேலவன் வீற்றிருக்கும் இக்குன்றின் அடியில் அவ்விரண்டும் ஒன்றாய்க் குடியிருப்பதை மாசி மாதத்தில்தான் காண முடியும்.

அந்த ஆண்டு மாசியோடு ரமலானும் சேர்ந்து வந்தது.

பத்தாம் வகுப்பில் படித்த சுஹானா அந்த ரமலானுக்காக நெடுநாளாய்க் காத்திருந்தாள். அவள் தாய் கவுசர், குவைத்தில் ஒரு செல்வர் வீட்டில் சமையல் வேலைக்குப் போய் ஆண்டுகள் கடந்துவிட்டன. தந்தை நஜீர் அகமது அரக்கோணம் சாலையில் இருசக்கர வண்டிகள் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். நோன்பு தொடங்குமுன் விடுப்பில் வந்துவிடுவேன் என்று தாய் சொல்லியிருந்தாள். அந்த வாக்கைச் சுஹானா மனத்துக்குள் வைத்து நாள்தோறும் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் காத்திருப்புக்கு இன்னொரு காரணமும் இருந்தது. பொதுத்தேர்வுக்கு முன்பாகப் பத்தாம் வகுப்பு மாணவிகள் தத்தம் பெற்றோருக்குப் பாத பூசை செய்வது அந்தப் பள்ளியின் வழக்கம். மைதானத்தில் நாற்காலிகள் வரிசையாகப் போடப்படும். தமிழாசிரியை தமயந்தி ஒலிபெருக்கியில் மாணவியின் பெயரையும், தந்தை பெயரையும், தாய் பெயரையும் ஒவ்வொன்றாக வாசிப்பார். பெயர் கேட்டவர்கள் வந்து அமர்வார்கள். மகள் பாதங்களில் நீர் வார்த்து, மஞ்சளும் குங்குமமும் இட்டு, மலர் தூவி வணங்குவாள். வணங்கும் கட்டத்தில் தான் என்ன செய்வது என்று சுஹானா யோசித்ததேயில்லை. ஊரறியத் தாயின் பெயர் ஒலிக்க, அவள் எழுந்து நடந்து வந்து அந்த நாற்காலியில் அமரும் காட்சியோடு அவளுடைய கற்பனை நின்றுவிடும்.

“எங்க நைனா காலுக்குத் தண்ணி ஊத்தணும்னா டேங்கர் லாரிதான்டி வரணும்” என்றாள் பக்கத்தில் அமர்ந்திருந்த ஷோபனா. அவள் அம்மையார்குப்பத்துத் தறிக்காரர் கஜபதியின் மகள். “குதிகால் வெடிப்புல ஒரு காசு உள்ள வுழுந்தா காணாம பூடும். உங்க அம்மீ வராங்க இல்ல?”

“ஆங், வந்துகினே இருக்காங்க” என்றாள் சுஹானா, விமானம் ஏறிவிட்டாற்போல.

அன்று மாலையே தொலைபேசி வந்தது.

“பேட்டா, எஜமானி அம்மா வுட மாட்டேங்கறாங்க” என்றாள் கவுசர். “நோம்பு மாசம் பூரா விருந்தாளிங்க வருவாங்களாம். பெருநாள் கழிச்சிப் பாக்கலாம்னுட்டாங்க.”

“சரி அம்மீ.”

“அழுவறியா?”

“இல்ல, சளி.”

“எங்கிட்டயே பொய்யா? அழுதா நோம்பு கூட முறியாதுன்னுவாங்க. அழுவறதுன்னா அழுதுட்டுப் போ.” கடலுக்கு அப்பால் ஏதோ பாத்திரம் கழுவப்படும் ஓசை மட்டும் கேட்டது. “ஸ்கூல்ல ஏதோ விசேஷம்னியே, எப்ப?”

“அது ஒண்ணும் பெரிசா இல்ல அம்மீ.”

மறுநாள் தமயந்தி ஆசிரியை அவளைத் தனியே அழைத்தார். மலையேறிக் கந்தனைத் தொழாமல் செவ்வாய்க்கிழமையில் உணவு கொள்ளாத பெண்மணி அவர். பழம்பாடல்களை அவர் வகுப்பில் பாடிக் காட்டும்போது பின்வரிசைப் பேச்சும் அடங்கிவிடும். மாணவிகள் அவரிடம் பாடம் மட்டும் கற்கவில்லை. பெரியவர் வந்தால் எழுந்து நிற்பதையும், தோழிக்கு உணவு பகிர்ந்த பின் உண்பதையும் அவரைப் பார்த்தே கற்றார்கள். சுஹானாவுக்கும் அவர்மேல் உயிர்.

“சனிக்கிழமை பாத பூசை வெச்சிருக்கோம் இல்லம்மா” என்று ஆசிரியை கனிவாகத் தொடங்கினார். “உங்க மார்க்கத்துல மனுஷங்க கால்ல விழறது கூடாதுன்னு எனக்குத் தெரியும். உனக்கும் அப்பாவுக்கும் எதுக்கு வீண் சங்கடம்? அன்னைக்கு நீ வீட்டுலயே இருந்துடு. வரலன்னு யாரும் கேக்க மாட்டாங்க. உன் பேர எடுத்துட்டேன்.”

“சரிங்க டீச்சர்” என்றாள் சுஹானா.

வகுப்புக்குத் திரும்பி நடந்தாள். ஆசிரியை கடிந்து பேசியிருந்தால் தாங்கியிருப்பாள். அன்பாகச் சொன்னதால் எங்கே வலிக்கிறதென்று கூட அவளால் சொல்ல இயலவில்லை. தாய் வரவில்லை, இனி அவள் பெயரும் அந்த மைதானத்துக்கு வரப்போவதில்லை.

இதை அவள் வீட்டில் சொல்லவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை பிற்பகல் சங்கிலி அறுந்த வண்டியைத் தள்ளிக்கொண்டு கடைக்கு வந்த கஜபதி, “நாளைக்கு ஸ்கூல்ல பாக்கலாம் பாய்” என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று நோன்பு திறக்கும் நேரத்தில், பாங்கோசை கேட்டுப் பேரீச்சம்பழத்தை வாயிலிட்ட நஜீர், மகள் முகத்தைப் பார்த்தபடி கேட்டார்.

“நாளைக்கு என்னா ஸ்கூல்ல?”

அவள் கஞ்சிக் கிண்ணத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்லி முடித்தாள்.

“யாரு, நம்ம தமயந்தி டீச்சரா வர வேணாம்னது?”

“கோவமா சொல்லலப்பா. நமக்குச் சங்கடமா இருக்கும்னுதான்.”

“சங்கடம் எனக்கா அவங்களுக்கா?” நஜீர் கையைத் துடைத்துக்கொண்டார். “விழறது படைச்சவன் ஒருத்தனுக்குத்தான். அதுல பேச்சே இல்ல. அதுக்காகப் பெத்த பொண்ணு ஸ்கூல்ல போயி உக்காரக் கூடாதுன்னு எந்தப் பள்ளிவாசல் அஜரத்து சொன்னாரு?”

“எனக்கு பூசை பண்ணணும்னு இல்லப்பா.” சுஹானா கிண்ணத்தைக் கீழே வைத்தாள். “எல்லாரு பேரயும் கூப்புடுவாங்க. எம்பேர மட்டும் கூப்புட மாட்டாங்க. அம்மீ பேர ஒரு தரம் மைக்குல சொன்னா போதும்னு இருந்தேன்.”

நஜீர் தொழுகைக்கு எழுந்தார். பிறகு, “அந்த வெள்ளச் சட்டைய இஸ்திரி போட்டு வை” என்றார்.

சனிக்கிழமை பள்ளி மைதானம் நிறைந்திருந்தது. நாற்காலிகள்தோறும் பெயர்ச் சீட்டு ஒட்டியிருந்தது. சுஹானா வரிசை நெடுகத் தேடிப் பார்த்தாள். இல்லையென்று தெரிந்தும் தேடினாள். தந்தையும் மகளும் புங்க மரத்தடியில் ஒதுங்கி நின்றார்கள். வெள்ளைச் சட்டையில் நஜீர் யாரோ போலத் தெரிந்தார். விரல் நகங்களின் ஓரத்துக் கறுப்பு மட்டும் அவரை இன்னாரென்று காட்டியது. வாழ்த்துரைக்க வர வேண்டிய பிரமுகர் தாமதித்ததால் விழா தொடங்கவேயில்லை. வெயில் உச்சியை நோக்கி ஏறியது.

பூத்தட்டோடு அவ்வழியே விரைந்த தமயந்தி ஆசிரியை அவர்களைக் கண்டு நின்றுவிட்டார்.

“நஜீர் பாய்... நீங்க...” அவர் முகத்தில் முதலில் வியப்பும் அடுத்து அச்சமும் தோன்றின. “நான் தப்பா ஒண்ணும் நெனைக்கலீங்க. உங்க மனசு நோகக் கூடாதேன்னுதான் பேர எடுத்தேன்.”

“தெரியுங்க டீச்சர். எம்பொண்ணுக்கு நீங்கன்னா உசுரு.” நஜீரின் குரலில் சினமில்லை. “ஆனா நோவப்போறது எம்மனசு. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே. கடை என்னா கண்டம் வுட்டுக் கண்டமா? தினம் அந்த வழியாதான வண்டில போறீங்க.”

ஆசிரியை சுஹானாவைப் பார்த்தார். அவள் தலை நிமிரவில்லை. பூத்தட்டை அருகிலிருந்த மாணவியிடம் கொடுத்துவிட்டு, தாமே ஆசிரியர் அறைக்குச் சென்றார். திரும்பி வருகையில் கைக்கொரு நாற்காலியாக இழுத்துக்கொண்டு வந்தார். அவற்றின் கால்கள் மண்ணில் கோடு கிழித்தன.

“ஒண்ணு போதுங்க டீச்சர்” என்றாள் சுஹானா மெதுவாக. “அம்மீ வரல.”

“வர்றப்ப வரட்டும். எடம் இருக்கட்டும்.”

ஷோபனாவின் பெற்றோருக்குப் பக்கத்தில் அவ்விரண்டும் போடப்பட்டன. “ஏய், தள்ளு நைனா, உன் காலு பாய் எடத்துல இருக்குது பாரு” என்று ஷோபனா அதட்ட, கஜபதி அசடு வழியக் காலை இழுத்துக்கொண்டார்.

ஒரு வழியாக விழா தொடங்கியது. பெயர்கள் ஒவ்வொன்றாக மலையடிவாரமெங்கும் ஒலித்தன. சுஹானா துப்பட்டாவின் நுனியை முறுக்கிக்கொண்டு நின்றாள். ஷோபனாவின் பெயர் முடிந்தது. ஒலிபெருக்கியில் ஆசிரியை மூச்சு விடுவது கேட்டது.

“மாணவி சுஹானா. தந்தை நஜீர் அகமது. தாய் கவுசர்.”

தாய் என்ற சொல்லை அவர் பாடலில் நிறுத்தும் இடத்தில் நிறுத்துவதுபோல நிறுத்தி, பெயரைத் தெளிவாகச் சொன்னார். சுஹானா கண்களை மூடிக்கொண்டாள். தந்தை சென்று அமர்ந்தார். பக்கத்து நாற்காலியில் வெயில் மட்டும் அமர்ந்திருந்தது.

மற்றவர்கள் மஞ்சளும் மலரும் எடுக்கையில் சுஹானா நீர்ச்செம்போடு தயங்கினாள். நஜீர் வானத்தை நிமிர்ந்து பார்த்தார்.

“லுஹர் தொழுவுற நேரம் ஆயிடுச்சு பேட்டா. மசூதிக்குப் போயி வர நேரம் பத்தாது. ஒளுவுக்கு ஊத்து.”

தொழுகைக்கு முன் செய்யும் அந்தச் சுத்தத்தை அவள் சிறுவயது முதல் அறிந்தவள். ஆனால் தந்தைக்குத் தன் கையால் நீர் வார்த்ததில்லை. அவர் நீட்டிய கைகளில் ஊற்றினாள். நோன்பென்பதால் அளவாக வாய் கொப்புளித்தார், முகம் கழுவினார், முழங்கை வரை நனைத்தார், ஈரக் கையால் தலையைத் தடவினார். இறுதியில் பாதங்கள் வந்தன. அவர் குனியுமுன் சுஹானா மண்டியிட்டு அமர்ந்து நீரை வார்த்து, விரல்களின் இடுக்கில் தன் விரல்களால் தேய்த்தாள். எண்ணெய்க் கறை எளிதில் போகவில்லை. வரிசை நெடுகப் பெண்கள் குனிந்து வணங்கிக்கொண்டிருந்தார்கள். அவள் வணங்கவில்லை, கழுவினாள்.

அப்போது பக்கத்து நாற்காலியின் அடியில் காய்ந்து கிடந்த மண்ணைப் பார்த்தாள். நாளெல்லாம் அடுப்படியில் நின்று, அந்தியில் சுவரோரம் கால் நீட்டி அமர்ந்து, “கொஞ்சம் அமுக்கி வுடு பேட்டா” என்று கேட்கும் தாயின் பாதங்கள் எந்த ஊர்த் தரையில் இப்போது நிற்கின்றனவோ! அவற்றின் சூடு தன் உள்ளங்கையில் இன்னும் இருப்பதாகவே அவளுக்குத் தோன்றியது. கண்ணீரும் செம்பின் நீரும் கலந்து தந்தையின் பாதத்தில் வீழ்ந்தன.

“போதும் பேட்டா” என்றார் நஜீர்.

ஒலிபெருக்கியில் மங்கல இசை ஒலித்துக்கொண்டிருந்தது. தமயந்தி ஆசிரியை ஒரு மாணவியை நோக்கிக் கையசைக்க, இசை நின்றது. புங்க மரத்தடியில் துண்டை விரித்து நஜீர் மேற்கு நோக்கி நின்றார். சுஹானாவும் செம்பில் மீந்த நீரில் ஒளு செய்து, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அவருக்குப் பின்னால் நின்றாள். குனிந்தார்கள், நிமிர்ந்தார்கள், நெற்றி மண்ணில் பட விழுந்து தொழுதார்கள். புங்க இலைகள் அசையும் ஓசை தவிர அங்கே வேறோசையில்லை. தொழுது முடித்து ஏந்திய கைகளுக்குள் நஜீர் ஏதேதோ முணுமுணுத்தார். கவுசர் என்ற பெயர் மட்டும் சுஹானாவுக்குக் கேட்டது. “ஆமீன்” என்றாள் அவள்.

எழுந்து திரும்பியபோது ஆசிரியை சற்றுத் தொலைவில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றிருந்தார். அவர்கள் முடிக்கும் வரை காத்திருந்தது தெரிந்தது.

“பாய்,” என்றார் அவர், “பாப்பா தலையில கை வெக்கலாங்களா?”

“என்னா கேள்வி டீச்சர் இது? வைங்க.”

ஈரம் உலராத முக்காட்டின் மேல் அந்தக் கை அமர்ந்தது.

“உங்கம்மா சொகமா வந்து சேரட்டும். அவங்களக் கண்ணாரப் பாத்து, நீ நெனச்சதெல்லாம் படிச்சி, நெறஞ்ச ஆயுசோட நல்லா இரு கண்ணு.”