என்சைம் வெட்டவில்லை

டாக்டர் வில்லாஸ்மில் ஜெல்லை விளக்குப் பெட்டி மேல் வைத்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. என்சைம் டிஎன்ஏவைத் துண்டாக்கியிருந்தால் மூன்று கோடுகள் தெரிய வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. டிஎன்ஏ வெட்டுப்படாமல் அப்படியே மேலே உட்கார்ந்திருந்தது.

எங்கள் மரகைபோ நகரத்துப் பள்ளிகள் அத்தனையிலும் இருந்து ஒரே ஒருவரைப் பல்கலைக்கழகம் தன் செலவில் படிக்க எடுத்துக்கொள்ளும். அந்த ஒருவரைத் தேர்ந்தெடுக்கத்தான் அங்கே பேராசிரியரான டாக்டர் எங்கள் வகுப்பறைக்கு வந்திருந்தார். என் மாணவி எந்த்ரினா இதற்காக ஒரு வருடம் உயிரைக் கொடுத்தாள். வெறும் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக அளந்து பழகியே கை தேறியவள். நிஜ என்சைம் எங்களிடம் ஒரு குழாய்தான் இருந்தது. என் பழைய மாணவன் ஒருவன் ஐஸ் போட்ட தெர்மாஸில் எல்லை தாண்டிக் கொண்டுவந்து கொடுத்தது. இன்னொன்றுக்கு நான் எங்கே போவேன்?

என்சைம் குளிரிலேயே இருக்க வேண்டும், வெப்பம் பட்டால் செத்துவிடும். அந்தச் சனியனோ ஃப்ரீசரிலும் உறையாது, கிளிசரின் கலந்தது. நல்லதும் செத்ததும் பார்வைக்கு ஒன்றுதான். காலையில் நானே ஃப்ரீசருக்குள் கை விட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. அதை நம்பிவிட்டேன்.

"என்சைம் செத்துப்போச்சும்மா," என்றார் டாக்டர். "வெளிய எடுத்து எவ்வளவு நேரம் வச்சிருந்தே?"

"ஐஸ்லயேதான் வச்சிருந்தேன், டாக்டர்," என்றாள் எந்த்ரினா.

"எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க. டீச்சர், ஃப்ரீசர்ல ஏதாவது கோளாறுன்னா சொல்லுங்க. அது இவ தப்பில்லன்னு எடுத்துக்கிட்டு, என்சைமும் நானே கொண்டுவந்து இன்னொரு வாய்ப்பு தர்றேன். காபி குடிச்சிட்டு வர்றதுக்குள்ள யோசிங்க."

அவர் தலைமையாசிரியர் அறைக்குப் போனதும் எந்த்ரினாவின் அம்மா யொலெய்தா உள்ளே வந்தாள். எங்கள் பள்ளியைக் கூட்டிப் பெருக்குவது அவள்தான். கையில் ஒரு தட்டு நிறைய மாண்டோகா, வாழைப்பழமும் சோளமாவும் பிசைந்து பொரித்தது, சூடு ஆறாமல்.

"என்ன, முடிஞ்சுதா? ஜெயிச்சிட்டாளா என் ராசாத்தி?" பதிலுக்குக் காத்திருக்காமல் ஃப்ரீசரைத் தட்டிக்கொடுத்தாள். "இதைக் காப்பாத்த நான் பட்ட பாடு இருக்கே, டீச்சர்! நேத்து சாயங்காலம் பெருக்கிட்டிருக்கேன், பொசுக்குனு கரண்ட் போயிருச்சு. தொடப்பத்தை வீசிட்டு ஓடியாந்து மொதல்ல இதோட வயரைத்தான் புடுங்கினேன். கடைசி பஸ் வரைக்கும் காத்திருந்தேன், கரண்ட் வரவே இல்லை. விடியக்காலையில வந்து, கரண்ட் நிலையா நிக்குதான்னு பாத்துட்டுத்தான் சொருகினேன். இல்லாட்டி மோட்டார் கருகி எம்பொண்ணு சாமானெல்லாம் நாசமாப் போயிருக்கும்."

என்சைம் எப்படிச் செத்தது என்று அப்போதுதான் புரிந்தது. அவளை எந்த வாயால் திட்டுவது? இந்த ஊரில் யாராயிருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். என் வீட்டில் நானும் அதைத்தான் செய்கிறேன். எங்களுக்குக் கரண்ட் போவதைவிட அது திரும்பி வருவதுதான் பயம். வருகிற வேகத்தில் ஃப்ரிட்ஜ், மின்விசிறி எல்லாவற்றையும் எரித்துவிட்டுப் போகும். நாங்கள் கட்டிக்கொண்டு அழும் மின்சாரத்தின் லட்சணம் அது. கரண்ட் இரவிலேயே வந்திருக்கும். பிடுங்கிய வயர் மட்டும் விடிய விடியத் தரையில் கிடந்திருக்கிறது, இந்த வெக்கையில்.

"டாக்டருக்கும் குடுக்கணும், இன்னொரு தட்டு எடுத்துட்டு வர்றேன்," என்று யொலெய்தா வெளியே போனாள்.

நான் டாக்டரிடம் உண்மையைச் சொல்லத் தலைமையாசிரியர் அறைக்குக் கிளம்பினேன். எந்த்ரினா வாசலை மறித்து நின்றாள்.

"வேணாம், டீச்சர்."

"பைத்தியமா உனக்கு? ஒரு வார்த்தை சொன்னா போதும், இடம் உனக்குத்தான்!"

"அம்மாவுக்குத் தெரிஞ்சிரும். தன் கையாலதான் கெடுத்தோம்னு சாகுற வரைக்கும் அழும். எங்க அம்மா அதைத் தாங்காது."

"அப்போ உன் படிப்பு?"

அவள் வாசல் நிலையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வாயைத் திறந்தால் அழுதுவிடுவாள் என்று எனக்குத் தெரிந்தது.

டாக்டரும் யொலெய்தாவும் ஒன்றாகவே உள்ளே வந்தார்கள். எந்த்ரினா முந்திக்கொண்டாள்.

"குழாயைக் கையிலேயே வச்சிருந்தேன், டாக்டர். ஐஸ்ல வைக்க மறந்துட்டேன்."

"அப்ப ஃப்ரீசர்?"

"அது நல்லாத்தான் இருந்துச்சு."

அவர் பெருமூச்சு விட்டார். "உண்மையைச் சொன்னதுக்குச் சந்தோஷம். ஆனா இப்படிக் கவனமில்லாத கையை நான் ஆய்வுக்கூடத்துக்குள்ள விட முடியாதும்மா." பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மாண்டோகாவைத் தொடக்கூட இல்லை.

யொலெய்தா தட்டை மேசை மேல் ணங்கென்று வைத்தாள்.

"மறந்துட்டாளாம்ல! ராத்திரி பூரா கண்ணு மூடாம அந்தப் பெட்டி நெனப்பாவே கெடந்து நான் காப்பாத்திக் குடுத்தா, நீ கையில வச்சுக்கிட்டு எந்த எழவைக் கனவு கண்டுகிட்டு நின்னே? எனக்கு இருக்கிற அக்கறையில பாதி உனக்கு இருந்தா ஆகாதா?"

"தப்புதாம்மா."

"தப்புதாம்மாவா! டீச்சர், நீங்களாவது இவளை நாலு வார்த்தை நல்லாக் கேளுங்க!"

எந்த்ரினா என்னைப் பார்த்தாள். திட்டுங்கள் என்பதுபோல் லேசாகத் தலையசைத்தாள்.

நான் அவளைத் திட்டினேன். யொலெய்தாவுக்கு மனசு ஆறும் வரைக்கும் திட்டினேன்.