நீர்நாயின் சிரிப்பு

ஆர்ஹூஸ் நகரின் வரைபடத்தைச் சம்பளமில்லாமல் இணையத்தில் வரைகிற கூட்டம் நாங்கள். எல்லாருக்கும் புனைபெயர்தான், முகம் தெரியாது. அன்றுதான் முதல்முறையாக நூலகத்தில் நேரில் கூடினோம். அத்தனை பேரும் ஆண்கள். பேச எடுத்துக்கொண்ட விஷயம், பெண்கள் ஏன் நம்மிடம் வருவதில்லை என்பது.

"நாம என்ன கதவையா சாத்தி வச்சிருக்கோம்?" என்று நான்தான் கத்திக்கொண்டிருந்தேன். அப்போது மழைக்கோட்டோடு ஒரு பெண் உள்ளே வந்தாள்.

"பின்னல் வகுப்பு மாடியிலங்க," என்றேன்.

"என் பேரு பூடில். உங்களுக்கு நீர்நாய்னு சொன்னாத்தான் தெரியும்."

துறைமுகத்துச் சந்துகளை ஒன்று விடாமல் வரைந்த நீர்நாய்! அரட்டையில் நாங்கள் தினமும் "மச்சி", "தலைவா" என்று கொண்டாடுகிற ஆள்!

போன வாரம், சொந்தப் பெயரிலேயே சேர்ந்த ஒரு பெண் ஒரு தெருவைத் தப்பாக வரைந்துவிட்டாள். "பொம்பளைக்கு எதுக்குடா மேப்பு?" என்று அரட்டையில் சிரித்துக்கொண்டே எழுதினேன். முதலில் சிரிப்புப் பொம்மை போட்டது நீர்நாய்தான். அந்தப் பெண் அன்றோடு போய்விட்டாள்.

எனக்குக் காதெல்லாம் சுட்டது. மன்னிப்புக் கேட்கத் துப்பில்லாமல், "அன்னிக்கு நீங்களும்தானே சிரிச்சீங்க?" என்றேன்.

பூடில் நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரே உட்கார்ந்தாள்.

"நான் பொண்ணுன்னு தெரிஞ்சிடுமோன்னு பயந்து சிரிச்சேன். நீ எதுக்கு மச்சி சிரிச்சே?"