ரெண்டா, மூணா

கடைக்காரர் நான்கு பொட்டலங்களைக் கண்ணாடி மேஜைமேல் வரிசையாக வைத்தார்.

"ஒண்ணு, ஒன்றரை, ரெண்டு, மூணு மில்லிமீட்டர். எதும்மா வேணும்?"

எல்லாமே வெள்ளை. எல்லாமே கூட்டல் குறி மாதிரியான சின்னப் பிளாஸ்டிக் துண்டுகள், ஸ்பேசர்கள். டைல்ஸுக்கும் டைல்ஸுக்கும் நடுவில் வைத்தால் இடைவெளி ஒரே சீராக நிற்கும். பசை இறுகியதும் பிடுங்கிவிடலாம். எத்தனையோ வீடுகளில் அவள் புருஷனுக்குத் தன் கையால் எடுத்துக் கொடுத்திருக்கிறாள். எது ரெண்டு, எது மூணு என்று மட்டும் ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை.

"சுவருக்குண்ணே. குளியலறை."

"சுவருக்கு ரெண்டு போதும். ஆனா டைல்ஸ் முன்னபின்ன இருந்தா மூணு போட்டாத்தான் கோணல் மறையும்."

"வீட்டுக்காரம்மா இடைவெளியே தெரியக்கூடாதுங்கறாங்க."

"அப்ப ஒண்ணு வாங்கிக்க. வெயிலுக்கு டைல்ஸ் வீங்கிக் கழண்டு விழுந்தா என் கடைக்கு வரக்கூடாது."

அவள் மேஸ்திரிக்குப் போன் செய்தாள். அவருக்குப் பின்னால் லாரி இரைந்தது. "வீட்டுக்காரம்மா சொல்றதப் போடு. ஆனா சுவர் கழண்டா நான் பொறுப்பில்ல" என்று வைத்துவிட்டார். பிறகு வீட்டுக்குப் போன் செய்தாள்.

"ஏங்க, ரெண்டா மூணா?"

"எதுக்குடி கடைக்குப் போனே? அதான் பழசு டப்பா நிறைய இருக்கே. எல்லாம் ரெண்டுதான், கண்ண மூடிக்கிட்டுப் போடு."

புருஷனுக்கு நூல்காரர் என்று பேர். அவன் ஒட்டிய சுவரில் கோடுகள் நூல் பிடித்த மாதிரி ஓடும். அதனால் இவள் எங்கே போனாலும் நூல்காரர் பொண்டாட்டி. வருஷக்கணக்காகத் தரையில் மண்டியிட்டதில் அவனுடைய வலது முட்டி பந்துபோல வீங்கி, இப்போது கழிவறைக்குக்கூடச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் போகிறான். வேலை கைவிட்டுப் போகும் என்று பயந்து, இவளே மேஸ்திரியிடம் போய் நின்றாள். அவர் சிரித்தார். பிறகு தலையைச் சொறிந்தார். "சரி, சுவர ஒட்டிக் காட்டு. நல்லா வந்தா தரையும் உனக்குத்தான். அப்புறம் என் வேலையெல்லாம் நீயே பாரு. கெட்டுதுன்னா ரெண்டு பேரும் வீட்ல உக்காந்துக்கங்க."

"ஒண்ணும் வேணாம்ணே" என்று பொட்டலங்களை நகர்த்தினாள்.

"இதுக்கா நாலையும் பிரிக்க வச்சே?" என்றார் கடைக்காரர்.

குளியலறைச் சுவரில் முதல் வரிசை நன்றாக வந்தது. அவளுக்கே ஆச்சரியம். பசையைச் சுவரில் இழுத்து, டைல்ஸை வைத்து, ரப்பர் சுத்தியலால் தட்டி, மூலையில் ஒரு ஸ்பேசர். இரண்டாவது வரிசையும் அப்படித்தான். மூன்றாவது முடிந்து எட்டி நின்று பார்த்தபோது ஏதோ உறுத்தியது. நான்கு மூலைகளும் சேர வேண்டிய இடத்தில் சேரவில்லை. ஒன்று மயிரிழை மேலே, ஒன்று கீழே. ஓரத்துக்குப் போகப் போக, கோடு நொண்டிக்கொண்டு போனது.

ரசமட்டத்தை வைத்தாள். குமிழி நடுவில் நிற்காமல் ஒரு பக்கம் ஒதுங்கியது. திருப்பி வைத்தாள், அப்போதும் அதே பக்கம்தான் ஒதுங்கியது. சுவர் கோணலா? டைல்ஸ் கோணலா? இரண்டு டைல்ஸை எடுத்து ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி விளிம்பைத் தடவினாள். சமமாகத்தான் இருந்தன. தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி பார்த்தாள். கோடு அப்படியேதான் இருந்தது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது அவளுக்கு.

பிறகு டப்பாவைப் பார்த்தாள். ஒரு கை அள்ளி, வெளிச்சத்தில் விரித்தாள். சிலவற்றின் கால்களில் பழைய பசை காய்ந்து ஒட்டியிருந்தது. சில தேய்ந்திருந்தன. சில பிறப்பிலேயே தடித்தவை. எந்தெந்த வீட்டுச் சுவரிலிருந்தோ பிடுங்கி எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் போட்டு வைத்திருந்தான்.

அவள் எடுத்துக் கொடுக்கும் ஸ்பேசரை அவன் உடனே வைக்க மாட்டான். கட்டைவிரலுக்கும் ஆட்காட்டிவிரலுக்கும் நடுவே ஒருமுறை உருட்டுவான். சிலவற்றைப் பேசாமல் டப்பாவிலேயே திருப்பிப் போடுவான். மூக்கைச் சொறிவதுபோல அதுவும் ஒரு பழக்கம் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

"எல்லாம் ரெண்டுன்னு சொன்னீங்களே?" என்று போனில் கேட்டாள்.

"ரெண்டுதான். தடியா இருந்தா வைக்கக்கூடாது."

"எது தடின்னு எப்படித் தெரியும்?"

"கைக்குத் தெரியும்டி" என்றான்.

அவள் உருட்டிப் பார்த்தாள். அவள் கைக்குத் தெரியவில்லை.

பசை முழுதாக இறுகவில்லை. கரண்டியை இடுக்கில் கொடுத்து, ஒவ்வொரு டைல்ஸாக மூச்சைப் பிடித்துக்கொண்டு பெயர்த்தாள். ஒன்றும் உடையவில்லை. டைல்ஸின் முதுகைச் சுரண்டி, வாளித் தண்ணீரில் கழுவி, ஓரமாகச் சாய்த்து வைத்தாள். சுவரையும் சுரண்டினாள். நகக்கண்ணெல்லாம் பசை. கையைத் துடைத்துக்கொண்டு கடைக்கு ஓடினாள்.

"ரெண்டு குடுங்கண்ணே. எல்லாம் ஒரே மாதிரி இருக்கணும். அப்புறம் டைல்ஸ் கலர்லயே பூச்சு."

"டைல்ஸ் கலர்லயா?"

"அதே கலர்ல பூசினா இடைவெளி தெரியாதில்ல?" கேட்டுவிட்டு, சரியாகத்தான் கேட்கிறோமா என்று அவர் முகத்தைப் பார்த்தாள்.

கடைக்காரர் யோசித்தார். "தெரியாதுதான்" என்றார்.

சுவரில் டைல்ஸ் ஒட்டி முடிந்த மறுநாள் வீட்டுக்காரம்மாவும் மேஸ்திரியும் வந்தார்கள். வீட்டுக்காரம்மா ஒரு கண்ணை மூடிக்கொண்டு கோட்டைப் பார்த்தார். கார்ச் சாவியால் அங்கங்கே தட்டிப் பார்த்தார். எங்கும் உள்ளே காலியாக ஒலிக்கும் பொள்ளல் சத்தம் இல்லை.

"நீட்டா இருக்கே. யாரு ஒட்டினது?"

அவள் வாயைத் திறப்பதற்குள் மேஸ்திரி, "நம்ம நூல்காரர்தாம்மா. பேரே அதுக்குத்தானே" என்றார்.

"நான் அவரப் பாக்கவே இல்லையே."

"விடியறதுக்கு முன்னாடி வந்து ஒட்டிட்டுப் போயிடுவார். கூட்டம் பிடிக்காது அவருக்கு."

வீட்டுக்காரம்மா சிரித்தபடி போய்விட்டார். அவள் கைத்துணியை முறுக்கிக்கொண்டு நின்றாள்.

"ஏன் சார் அப்படிச் சொன்னீங்க?"

"பொம்பள ஒட்டுச்சுன்னு தெரிஞ்சா ஒவ்வொரு டைல்ஸா தட்டிப் பாப்பாங்கம்மா. எதுக்கு வம்பு?"

"அவங்கதான் தட்டிப் பாத்துட்டாங்களே. நல்லாத்தானே இருக்கு."

"நல்லாத்தான் இருக்கு. யாரு இல்லன்னாங்க?"

"அப்ப தரை?"

"தரைக்கு வேற ஆள் வர்றான். நீ எப்பவும்போலக் கலவை போட்டுக் குடு."

"சுவர் நல்லா வந்தா தரையும்னு சொன்னீங்க."

மேஸ்திரி பொறுமையாக, குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். "நல்லா வந்ததாலதாம்மா சொல்றேன். நூல்காரர் ஒட்டினார்னு அவங்க நம்பிட்டாங்க. இப்ப நீ தரையில உக்காந்து ஒட்டினா, அப்ப சுவர ஒட்டினது யாருன்னு கேப்பாங்களா இல்லியா? நான் பொய் சொன்ன மாதிரி ஆயிடாதா?"

அவள் தலையாட்டினாள். அவர் போன பிறகு அந்தப் பேச்சை முதலிலிருந்து யோசித்துப் பார்த்தாள். சுவர் கெட்டிருந்தால் வேலை இல்லை. அது புரிந்தது. நன்றாக வந்ததால் வேலை இல்லை என்று எந்த இடத்தில் திரும்பியது என்றுதான் பிடிபடவில்லை.

புது ஆள் அடுத்த நாள் வந்தான். நல்ல மாதிரிதான். முட்டிக்கு அடியில் மடித்த சாக்கைப் போட்டுக்கொண்டு தரையில் பசையை இழுத்தான். பார்க்காமலே கையை நீட்டினான்.

"அக்கா, ஸ்பேசர்."

அவள் கலவைக் கையைத் துடைத்துவிட்டு, பொட்டலத்திலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

"ரெண்டா, மூணா?"

"ரெண்டு. எல்லாம் ஒரே மாதிரி."

அவன் உருட்டிப் பார்க்கவில்லை. அப்படியே வைத்தான்.

அவனுக்குப் பசை தேவைப்படாத நேரத்தில் அவள் சுவரின் இடுக்குகளில் பூச்சு போட்டாள். குழாய்க்குப் பக்கத்தில், மூலை சேரும் இடத்தில், ஒரு ஸ்பேசர் பிடுங்காமல் நின்றிருந்தது. ஊசியால் நெம்பினாள். ஒரு கால் ஒடிந்து கையோடு வந்தது. மிச்சம் உள்ளேயே இறுகியிருந்தது.

"என்னக்கா?"

"ஒண்ணு மாட்டிக்கிச்சு. வரமாட்டேங்குது."

அவன் திரும்பிப் பார்த்தான். "விடுங்கக்கா. அது மேலேயே பூசிடுங்க. உள்ள இருந்தா என்ன, வெளிய தெரியவா போகுது?"

அவள் விரலில் பூச்சை எடுத்து அதன்மேல் அழுத்தினாள். வெள்ளை முனை ஒன்று எட்டிப் பார்த்தது. இன்னும் கொஞ்சம் வைத்து, கோட்டோடு கோடாக வழித்து, ஈரத்துணியால் துடைத்தாள்.