நானூற்றில் ஒரு படம்

அய்யனாரின் மண்புரவிக்கு உச்சிவெயிலில் கண் திறப்பு என்று சொன்னதை நம்பி, இலக்கியா கேமராவில் வெயிலுக்கான நூறு ஸ்பீடு பிலிமைப் போட்டுக்கொண்டு அன்னவாசலில் பஸ் ஏறினாள். மங்கல் வெளிச்சத்துக்கான நானூறு ரோல் வீட்டு பீரோவில் சொகுசாகக் கிடந்தது. ஊர்க்காரர்கள் சொன்ன நேரத்தை நம்பினாளே, அவளுக்கு நன்றாக வேண்டும்! மண்புரவிக்கு யார் முதலில் தோள் கொடுப்பது என்ற சண்டை தீரவே மணி ஆறரை.

புரவிக்குக் கண் எழுதும் உரிமை அவள் சிநேகிதி சொர்ணவல்லியின் அப்பாவுடையது. அவர் இறந்ததும், ஆண்பிள்ளை இல்லாத வீடு என்று பெரியப்பா மகன் அய்யப்பன் உரிமை கேட்டான். போன வருஷம் சொர்ணவல்லி கண் எழுதியபோது எடுத்த செல்போன் படத்தைத் தாலுகா ஆபீஸில் காட்டினால், "ஏஐ-யில செஞ்சது" என்று ஒரே போடாகப் போட்டான். நேரில் பார்த்தவர்களும் சாட்சி சொல்ல வரவில்லை.

"பிலிம்ல எடு. நெகட்டிவ்வ பொய்யின்னு சொல்ல முடியாது" என்று சொர்ணவல்லி கெஞ்சியிருந்தாள்.

மிச்சம் நாலே படம். இந்த இருட்டுக்கு நானூறு வேண்டும். நூறு பிலிமையே நானூறு என்று வைத்து எடுத்து, கூடுதல் நேரம் கழுவலாம்; ஆனால் ஒரே ரோலில் இரண்டு ஸ்பீடு என்றால் இருட்டறையில் வெட்டித் தனித்தனியாகக் கழுவ வேண்டும். கண்தெரியாமல் போடும் கத்திரி, காலையில் சொர்ணவல்லி மை குழைக்கும்போது எடுத்த படத்திலேயே விழுந்துவிட்டால்? அதுவும் சாட்சிதானே. வெட்ட இடம் விட, லென்ஸை மூடி மூன்று முறை அமுக்கினாள்.

"மூடியக் கழட்டாமப் படம் புடிக்கிது பாரு!" என்று பெண்கள் சிரித்தார்கள்.

கேமராவின் ஸ்பீடு வளையத்தைத் தூக்கி நானூற்றில் வைத்தாள். இனி ஒரே படம்.

சொர்ணவல்லி புரவியின் இடக்கண்ணுக்குத் தூரிகையைத் தூக்கினாள். அய்யப்பன் நிதானமாகக் குறுக்கே வந்து நின்று துண்டை உதறினான். இலக்கியா பொத்தானில் விரல் வைத்தாள். அமுக்கினால் அவன் முதுகுதான் விழும். அமுக்கவில்லை. கண் எழுதி முடிந்தது.

வலக்கண் பக்கம் ஓடினாள். அங்கே இன்னும் இருட்டு. அய்யப்பனும் பின்னாலேயே வந்தான்.

"அண்ணே, இங்கிட்டு ஒண்ணுந் தெரியல. வெளக்கப் புடிங்க" என்றாள் சொர்ணவல்லி.

பூசாரி விளக்கை அவனிடம் நீட்டினார். ஊரே பார்த்தது. அய்யனார் முன்னால் மாட்டேன் என்று சொல்ல அவனுக்குத் தைரியம் வரவில்லை. வாங்கித் தூக்கிப் பிடித்தான். தூரிகை கண்ணைத் தொட்டது. இலக்கியா மூச்சைப் பிடித்துக்கொண்டு அமுக்கினாள்.

அய்யப்பன் திரும்பினான். "என்னையுஞ் சேத்தா எடுத்த?"

"ஆமாண்ணே" என்றாள் இலக்கியா. "வெளக்கு ஒங்க கையிலதான இருந்துச்சு. மூஞ்சி தெளிவா விழுந்திருக்கும்."