பேர் போடாத பாடம்

...இல்லை, இந்த மனுஷருக்குத் தெரிந்திருக்கிறது, தெரியாமலா பின்வரிசைக்குப் பின்னால் நாற்காலி கொண்டுவந்து போட்டு, அதைத் துண்டால் இரண்டு தரம் தட்டி, உட்காருங்க டீச்சரம்மா என்று இத்தனை பணிவாகச் சொல்கிறார், இவ்வளவு பணிவு எதற்கு, எதையோ மூடுவதற்குத்தான் என்று நினைத்துக்கொண்டே உட்கார்ந்தாள் புஷ்பவள்ளி. ஜொகூர் பாருவிலிருந்து வருகிறேன், நானும் டீச்சர்தான், தோட்டத்துப் பள்ளிக்கூடம் எப்படி நடக்கிறதென்று பார்க்க ஆசை, அவ்வளவுதான் வாசலில் சொன்னாள். பேரைச் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? முன்பின் தெரியாத பெண்பிள்ளை ரெங்கத்தில் ரயிலைவிட்டு இறங்கி, மாட்டு வண்டி பிடித்து, செம்மண் புழுதியில் மெராந்தித் தோட்டம் வரைக்கும் வந்து நிற்கிறாள், பேரென்ன என்று கேட்கத் தோன்றாதா ஒருவருக்கு... தன் பேர் மட்டும் ஐயாசாமி என்று சொல்லிக் கும்பிட்டார், கும்பிட்ட விரல்களைப் பார்த்தாள், நகக்கண் எல்லாம் ஊதா.

அதே ஊதாதான். போன மாதம் அவள் கணவர் ராஜசேகரன் ரயில்வே ஆபீசிலிருந்து வரும்போது வாங்கிவந்த கச்சான் கடலைப் பொட்டலத்தை அவர் தின்று முடித்துக் கசக்கிப் போட, பெருக்கும்போது அவள் எடுத்துப் பிரித்தாள், எண்ணெய்க் கறைக்கு நடுவில் ஊதா எழுத்தில், கோழி கூவியது, கருப்பாயி எழுந்தாள், அடுப்பில் புகை வந்தது... அவளுடைய வாக்கியங்கள். அவள் எழுதிய முதல் வாசகப் புத்தகத்தின் ஒன்பதாம் பாடம், ஒரு புள்ளி குறையாமல். தாளின் தலையில் மெராந்தித் தோட்டப் பள்ளிக்கூடம் என்று இருந்தது, எழுதியவள் பேர் எங்கேயும் இல்லை. தட்டில் பசையை உறையவைத்து, ஊதா மையில் எழுதிய தாளை அதன்மேல் அழுத்தி, வெறுந்தாளை ஒவ்வொன்றாக ஒற்றி எடுக்கிற வேலை அவளுக்கும் தெரியும், பரீட்சைத் தாளுக்கு அவளே செய்திருக்கிறாள், ஆனால் பாடம், அவள் பாடம்... விடு, பிள்ளைகள் படிக்கத்தானே என்றார் ராஜசேகரன். அவருக்கென்ன. பள்ளிக்கூடமும் சமையலும் முடிந்த பிறகு எழுதி எழுதிக் கிழித்தது அவரா? அச்சகத்துக்காரர் கையெழுத்துப் பிரதியைப் புரட்டிவிட்டு, உங்க வீட்டுக்காரர் எழுதினதாம்மா என்று கேட்டது அவரிடமா? அன்றைக்கே, அட்டையில் என் பேர் இத்தனை பெரிதாக வேண்டும் என்று விரலை விரித்துக் காட்டினாளே, அந்தப் பேர்.

பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூரில் ஒரு வக்கீலையும் பார்த்தாகிவிட்டது. பாடம் சொல்லிக்கொடுக்கக் கொஞ்சம் எடுத்தா தப்பில்லைம்மா, முழுசா எடுத்தாத்தான் குத்தம் என்றார். கொஞ்சம்னா எவ்வளவுங்க? அவர் சிரித்தார். என்ன சிரிப்பு அது, எவ்வளவு என்பதை அவரும் சொல்லமாட்டார், சட்டமும் சொல்லாது போலிருக்கிறது. ஒரு பாடம் கொஞ்சமா? பாதிப் புத்தகம் கொஞ்சமா? சரி, நானே போய்ப் பார்க்கிறேன், எத்தனை எடுத்திருக்கிறார், பிள்ளைகளிடம் யார் எழுதியதென்று சொல்கிறார் என்று கிளம்பினாள், அண்ணன் வீட்டுக்கு என்று ராஜசேகரனிடம் பொய் சொல்லிவிட்டு.

பிள்ளைகள் காலையில் மரத்தில் பால் வெட்டிவிட்டு வந்திருந்தார்கள், சட்டைகளில் ரப்பர்ப் பாலின் புளித்த நாற்றம், இரண்டு பேருக்கு ஒரு தாள். ஐயாசாமி படிக்கச் சொன்னார். படித்தார்கள். கோழி கூவியது, அடுத்து கிணற்றடி, அடுத்து மழை... அவள் வாய் சத்தமில்லாமல் கூடவே அசைந்தது, சட்டென்று உதட்டைக் கடித்துக்கொண்டாள், பார்த்துவிட்டாரோ. சன்னல் பக்கம் திரும்பி நின்றார். வேண்டுமென்றேதான் திரும்பினாரோ? அவர் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்தாள், டீச்சரம்மா சீனி போதுமா என்றாள், இவளும் சேர்ந்துதான் ஒற்றி எடுப்பாளோ என்று அவள் விரல்களையும் பார்த்தாள், அதில் வெறும் மஞ்சள். பாடம் முடிய முடிய, இப்போது சொல்வார், இதை எழுதியவர் இன்னார் என்று இப்போது சொல்வார் என்று காத்திருந்தாள், அவர் சொல்லவே இல்லை. பிறகு அந்தப் பாடம் வந்தது. அம்மா பால்மரம் வெட்டப் போனாள். பிள்ளை ஆயாக் கொட்டகையில் தூங்கியது. வெயில் ஏறியது. பிள்ளைகள் நிறுத்திவிட்டார்கள், தாளைத் திருப்பிவிட்டார்கள், என்ன இது, இன்னும் இருக்கிறதே, அம்மா திரும்பி வந்தாள், பிள்ளை சிரித்தது...

"சார், இன்னும் ஒரு வரி இருக்கே?" வாய் முந்திக்கொண்டது.

ஐயாசாமி அவளைப் பார்த்தார். பிள்ளைகளைக் கணக்குப் போடச் சொல்லிவிட்டு வெளியே வரும்படி தலையசைத்தார். போச்சு, தெரிந்துவிட்டது. வாசல் தூணோரம் நின்று, "புஸ்தகத்தப் பாத்திருக்கீங்களா டீச்சரம்மா?" என்றார்.

"பாத்திருக்கேன். எங்க ஸ்கூல்ல இருக்கு."

"அந்த வரிய நாந்தான் எடுத்துட்டேன்." குரல் இறங்கியது. "சன்னலோரத்துல பாருங்க, செல்வராணி. காய்ச்சல்னு அவ அம்மாவ ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாங்க, திரும்பல. அந்த வரிய வாசிச்சா வாசலையே பாத்துக்கிட்டு ஒக்காந்துரும்மா, அன்னிக்குப் பூரா ஒரு எழுத்து ஏறாது."

அவள் எட்டிப் பார்த்தாள், சன்னலோரத்தில் மூன்று பெண்கள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள்.

"சரி... எழுதினவங்க பேரு? அதயும் எடுத்துட்டீங்களே."

அவர் ஊதா விரல்களைத் துண்டில் துடைத்தார். "இருக்கிறது ஒரே புஸ்தகம். தோட்டத்துத் தொரைகிட்ட கேட்டேன், பால் வெட்டறதுக்குப் புஸ்தகம் எதுக்குன்னுட்டாரு. பேரப் போட்டா எப்படியாச்சும் அந்தம்மா காதுக்குப் போயிரும், நிறுத்துன்னு சொல்லிட்டாங்கன்னா?"

"கேட்டிருக்கலாம்ல? தாராளமா எடுத்துக்கங்கன்னு சொல்லியிருப்பாங்க."

"சொல்லுவாங்களா?" நேராகக் கண்ணைப் பார்த்துக் கேட்டார். "வேணாம்னு சொன்னா நான் எடுக்க முடியாதும்மா. கேக்காத வரைக்கும் எடுக்கலாம்."

சொல்லுவாங்களா... அவள் வாயைத் திறந்தாள், நான்தான் அது என்று சொல்லிவிடுவதற்குத்தான் திறந்தாள், "வண்டிக்காரர் காத்துக்கிட்டிருக்காரு" என்றுதான் வந்தது.

ரயில் லாயாங் லாயாங் ஸ்டேஷனைத் தாண்டியும் அந்த மூன்று தலைகள் கண்ணைவிட்டுப் போகவில்லை. எது செல்வராணி? அவர் கையைக்கூட நீட்டவில்லை, கண்ணால் காட்டினார், அவ்வளவுதான், அப்படி ஒரு பெண் இருக்கிறாளா, இல்லை மாட்டிக்கொண்ட நேரத்தில் வாய்க்கு வந்த ஒரு பேரா? தாளில் இடமில்லாமல் விட்ட வரியாகக்கூட இருக்கலாம். மை தீர்ந்திருக்கலாம். கேள்வி கேட்கிறவள் யாரென்று தெரிந்துகொண்டு, பெண்பிள்ளை இளகிவிடுவாள் என்று கணக்குப் பண்ணிச் சொல்லியிருக்கலாம். அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை பேசியிருக்க வேண்டும், உன் அம்மா எங்கே என்று... சீ, அதையா கேட்பது. எதிரே குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு ஒருத்தி உறங்கி விழுந்தாள், இவள் பாடத்தை மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள், வெயில் ஏறியது என்பதோடு நின்றுவிட்டது, மேலே போகவில்லை, போக வேண்டும் என்றும் தோன்றவில்லை. நன்றாக இருந்தது. அவள் எழுதியதைவிட நன்றாக இருந்தது, பொய்யே சொல்லியிருந்தாலும் அந்த ஆள் நிறுத்திய இடம் சரியான இடம். இரண்டாம் பதிப்புக்கு அச்சகத்திலிருந்து பிழை திருத்த வந்த தாள்கள் வீட்டில் மேசைமேல் இருக்கின்றன, வெள்ளிக்கிழமை திருப்பித் தர வேண்டும், பேனாவை எடுத்து அந்த வரியில் ஒரு கோடு, அவ்வளவுதான் வேலை... ஆனால் அந்தக் கோடு அவருடையதாயிற்றே? ஒரே ஒரு வரிதானே, கொஞ்சம்தானே, என்று சொல்லிக்கொண்டாள், சொன்னதும் வக்கீலின் முகத்தைப் போலத் தன் முகத்திலும் ஒரு சிரிப்பு வந்துவிட்டதோ என்று பயந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே பார்த்தாள். ஐயாசாமிக்கு ஒரு வரி எழுதிக் கேட்கலாம். கேட்டால், அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டால்?