கோமு மேடம் நின்ற வரிசை

பரிந்துரைக் கடிதம் போய்ச் சேர இன்னும் நாற்பத்தொரு மணி நேரம் இருந்தது. விடுதிக் கட்டிலில் உட்கார்ந்து கைபேசியைத் திறந்தேன். கொச்சியில் கடல் வேதியியல் முதுகலைக்கு நான் போட்டிருந்த விண்ணப்பத்தில் எல்லாவற்றுக்கும் எதிரே பச்சைக் குறி இருந்தது. ஆசிரியர் கடிதத்துக்கு எதிரே மட்டும் சிவப்பு. நான் கொடுத்திருந்தது கோமு மேடத்தின் சொந்த மின்னஞ்சல். கல்லூரி கொடுத்த முகவரியாக இருந்தால்தான் ஏற்போம் என்று கீழே எழுதியிருந்தது.

பக்கத்துக் கட்டிலில் இருந்து ஜாய்சி எட்டிப் பார்த்தாள்.

"ஏட்டி, போய்க் கேளு. இங்கன உக்காந்து முழிச்சா மேடத்துக்குக் கனவுலயா தெரியும்?"

எனக்குக் கேட்பது கஷ்டம். பேருந்தில் ஜன்னலைத் திறக்கச் சொல்லிக்கூட யாரையும் கேட்டதில்லை. கோமு மேடத்திடம் மட்டும் அந்தத் தயக்கம் கொஞ்சம் குறைவு.

எங்கள் துறையில் எல்லாரையும்விட இளையவர் அவர். ஆசிரியர் அறையில் உட்கார மாட்டார். ஆய்வகத்தை ஒட்டிய சாமான் அறையில், அமிலப் பாட்டில் அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டிருப்பார். மதியச் சாப்பாடும் அங்கேதான். எங்கள் மேல் உள்ள பிரியம் என்று நாங்கள் பேசிக்கொள்வோம்.

கடல் உப்பு தாமிரபரணியில் எவ்வளவு தூரம் ஏறி வருகிறது என்பதுதான் என் இறுதியாண்டு ஆய்வு. என் ஊர் புன்னைக்காயல். ஆறு கடலில் சேரும் இடம். தண்ணீர் எடுக்க மேடமும் கூட வந்தார். அப்பாவின் வள்ளத்தில் ஏறிய கொஞ்ச நேரத்திலேயே வாந்தி எடுத்துவிட்டார். மேடம் சிந்துபூந்துறைக்காரர். ஆற்றங்கரையில் பிறந்து வளர்ந்தவர்.

"ஆத்துத் தண்ணி குடிச்ச ஒடம்புல்லா டீச்சர். உப்பு ஏறுததுக்குக் கொஞ்ச நேரம் ஆவும்" என்றார் அப்பா.

மேடம் வாயைத் துடைத்துக்கொண்டு, "அதத்தான அண்ணாச்சி அளக்க வந்திருக்கோம்" என்றார். அப்பா அதை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். வாந்திக்கு நடுவிலும் மேடம் மடியில் இருந்த பாட்டில்களை விடவே இல்லை.

ஆய்வை வாசித்துக் காட்டிய அன்று, மூத்த பேராசிரியர் தளவாய் சார் என்னைக் கூப்பிட்டு, மேல்படிப்புக்குக் கடிதம் வேண்டுமென்றால் தானே எழுதித் தருவதாகச் சொன்னார். கோமு மேடம் எழுதுகிறார் சார் என்றேன். ஏதோ சொல்ல வந்தவர், சரிம்மா என்று போய்விட்டார்.

சிவப்புக் குறியைப் பார்த்த அன்று காலையே சாமான் அறைக்குப் போய்க் கைபேசியைக் காட்டினேன். மேடம் அந்த வரியை இரண்டு தடவை படித்தார். கல்லூரி முகவரியைக் கொடுங்கள் என்று கேட்டேன். ஏற்கெனவே கழுவி வைத்திருந்த பீக்கரை எடுத்துத் துணியால் துடைத்தார்.

"அது சரியாத் தெறக்க மாட்டேங்கு. துறை முகவரியப் போடு. எம் பேரு அப்படியே இருக்கட்டும்."

துறை முகவரிக்கு வருவதைத் துறைத் தலைவர்தான் திறப்பார். அது எனக்குத் தெரியும். சிரமமாக இருந்தால் தளவாய் சாரைக் கேட்கட்டுமா என்றேன். அவ்வளவு நீளமாக நான் பேசியதே அபூர்வம்.

"வேண்டாம். நான் பாத்துக்கிடுதேன்" என்றார் மேடம். கைப்பையிலிருந்து மடித்த தாள்களை எடுத்துக் காட்டினார். எழுதி முடித்துவிட்டாராம். பிரித்துக் காட்டவில்லை. நானும் கேட்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் சிவப்பு பச்சையானது. ஜாய்சிக்கு நான்தான் டீ வாங்கிக் கொடுத்தேன்.

மார்ச்சில் இணையவழி நேர்காணல் நடந்தது. மூன்று பேர் கேட்டார்கள். அதில் ஓர் அம்மையார், உப்பைப் பற்றிய ஆய்வு நீங்களே செய்ததா என்றார். ஆமாம் என்றேன். உங்கள் ஆசிரியரின் கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றுமே இல்லையே என்றார். மூன்று வரிதான் இருப்பதாகச் சொல்லி, வாசித்தும் காட்டினார். வகுப்புக்கு ஒழுங்காக வருபவர். கீழ்ப்படிதல் உள்ளவர். நன்னடத்தை உடையவர்.

அவர் குத்திக்காட்டும்படி சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு தெரிந்த கேள்விகளுக்கும் பாதிப் பதில்தான் சொன்னேன். தேர்வானவர் பட்டியலில் என் பெயர் இல்லை. உதவித்தொகையோடு வெளியூரில் படிக்க எனக்கு இருந்த ஒரே வழி அது.

இடம் போனதைவிட அந்த மூன்று வரிதான் என்னை அரித்தது. மேடம் என்னைப் பற்றி அவ்வளவுதான் நினைத்திருக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். சாமான் அறைப் பக்கம் போவதை நிறுத்தினேன். அவர் எதிரே வந்தால் படியிறங்கி வேறு பக்கம் போனேன். ஒரு தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டார். காதில் விழாதவள் மாதிரி நடந்தேன்.

ஏப்ரலில் துறைப் படம் எடுத்தோம். முன்வரிசையில் ஆசிரியர்களுக்கு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். கோமு மேடம் உட்காரவில்லை. எங்களோடு கடைசி வரிசையில் பெஞ்சு மேல் ஏறி நின்றார். எளிமையானவர் என்று பெண்கள் கைதட்டினார்கள். என்னைப் பார்த்துப் பக்கத்தில் இடம் விட்டு நகர்ந்தார். நான் மறு ஓரத்தில் போய் நின்றேன். அந்தப் படம் இப்போதும் என்னிடம் இருக்கிறது. அவருக்கும் அடுத்தவளுக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கிற இடைவெளி அப்படியே விழுந்திருக்கிறது.

பட்டம் வாங்கிய பிறகு பாளையங்கோட்டையில் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். ஒரு வருடம் போனது. போன சனிக்கிழமை வேலை முடிந்து ஜங்ஷன் போகும் டவுன் பஸ்ஸில் ஏறினேன். கோமு மேடம் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். இறங்கிவிடலாமா என்று பார்த்தேன். பின்னால் ஆட்கள் ஏறிவிட்டார்கள். அவர் பையை மடியில் எடுத்து வைத்து இடம் கொடுத்தார்.

இப்போது திசையன்விளையில் ஒரு பள்ளியில் இருப்பதாகவும், வாரக் கடைசியில் வீட்டுக்கு வருவதாகவும் சொன்னார். அப்பா சுகமா, வள்ளம் ஓடுகிறதா என்று விசாரித்தார். முருகன்குறிச்சி தாண்டியதும், இந்த வருஷம் மறுபடி கொச்சிக்குப் போடவில்லையா என்று கேட்டார்.

நான் கையில் இருந்த டிக்கெட்டைச் சுருட்டினேன். ஒரு வருடமாக வாய்க்குள் வைத்திருந்தது வெளியே வந்துவிட்டது.

"மூணு வரிதான எழுதுனீங்க மேடம்."

அவருக்கு விளங்கவில்லை. நான் அந்த மூன்றையும் ஒப்பித்தேன். ஒழுங்காக வருவாள், கீழ்ப்படிவாள், நல்ல நடத்தை. முழுதும் சொல்லி முடிக்கும் முன்பே அவர் முகம் மாறிவிட்டது.

பஸ் வண்ணாரப்பேட்டை தாண்டி ஆற்றுப் பாலத்தில் ஏறி, நெரிசலில் நின்றது. கீழே தண்ணீரை அமலைச்செடி மூடிக் கிடந்தது. மேடம் வெளியே பார்த்தபடி மெல்லப் பேசினார். நான்கு பக்கம் எழுதினாராம். வள்ளத்தில் போனது, ஓர் அளவில் சந்தேகம் வந்து நான் எல்லா பாட்டிலையும் முதலில் இருந்து சோதித்தது, எல்லாம் அதில் இருந்ததாம். துறைத் தலைவர் அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, எல்லாருக்கும் அனுப்பும் துறைப் படிவத்தையே அனுப்பியிருக்கிறார். இவரது கடிதம் செல்லாது என்று பிறகுதான் சொன்னாராம். என்னிடம் அதைச் சொல்லிவிட மேடம் விடுதி வாசல் வரை வந்து, திரும்பிப் போயிருக்கிறார்.

"ஒங்க கடிதம் ஏன் மேடம் செல்லாது?"

அவர் பையின் பூட்டைத் திறந்தார், மூடினார். முன்னால் ஒரு லாரி நகர்ந்தது. எங்கள் பஸ் நகரவில்லை. கேட்டிருக்க வேண்டாமோ என்று எனக்குத் தோன்றியபோது அவர் என் பக்கம் திரும்பினார்.

"போட்டோவுல நான் பின்னால நின்னேம்லா, அது ஒங்களோட நிக்கணும்னு இல்ல ஜெர்லின். எனக்கு அங்கன நாற்காலி கெடையாது. மணிக்கு இவ்வளவுன்னு சம்பளம் பேசி வந்தவ நான். நிரந்தர டீச்சர் இல்ல."